காசு கொடுத்துக் காற்று வாங்குவோம்

குளிர்ச்சட்டை நமக்குச் சூடு தருவதில்லை. இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொண்டு கடைக்குப் போனால், பெற்றோரின் பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும் என்பது என் கருத்து.

சூடு நம் உடம்பில்தான் பிறக்கிறது. காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் செரித்து, ஆற்றலாக மாறி, அதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அதாவது, பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. மலை ஏறும்போது அது பல மடங்காகிறது. அந்த வெப்பம் விரைந்து ஓடிவிடாமல் தாமதப்படுத்துவது மட்டுமே சட்டையின் வேலை.

“ஆண்டு முழுவதும் வியர்த்துக் கொட்டும் நாட்டில் இருக்கும் நமக்கு இந்தப் பாடம் எதற்கு?” என்று கேட்கலாம். பள்ளி விடுமுறை நெருங்கும்போது எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கினபாலு மலை ஏறப் பள்ளியிலிருந்து ஒரு குழு புறப்படுகிறது. கேமரன் மலையில் சாரணர் முகாம் நடக்கிறது. டிசம்பரில் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ ஒரு கல்விச் சுற்றுலா. கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘குளிர்ச்சட்டை ஒன்று’ என்று ஒரு வரி இருக்கும். எந்த மாதிரி, எவ்வளவு கனம், என்ன விலை என்று அதில் இருக்காது.

அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கிறது. நண்பர்கள் போடும் அதே சின்னம் வேண்டும் என்று பிள்ளை கேட்க, மூன்று நாள் பயணத்துக்காக வீட்டில் பெரிய தொகை செலவாகிறது. அல்லது, பணம் இல்லாததால் பள்ளிக்குப் போட்டுப்போகும் பருத்தி ஹூடியுடனேயே பிள்ளை மலைக்குப் போகிறது. முதலாவது பணத்துக்குக் கேடு, இரண்டாவது உடம்புக்குக் கேடு. கொஞ்சம் இயற்பியல் தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

எவ்வளவு குளிர் என்று முதலில் கணக்கிடுங்கள்

சட்டையைத் தேடும் முன் குளிரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரையிலிருந்து மேலே போகப் போக, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இந்த ஓர் எண் போதும், உங்கள் பயணத்தின் குளிரை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம்.

கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.44-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 9.4 டிகிரி. ஈப்போவில் இரவு 25 டிகிரி என்றால், தானா ராத்தாவில் ஏறத்தாழ 16 டிகிரி இருக்கும். சிலிர்க்கும், ஆனால் ஆபத்தில்லை.

கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் 26.6 டிகிரி குறைய வேண்டும். கோத்தா கினபாலு கடற்கரையில் இரவு 25 டிகிரியாக இருக்கும்போது, உச்சியில் அது உறைநிலையை ஒட்டி நிற்கும். ஏறுபவர்கள் 3,270 மீட்டர் உயரத்தில் உள்ள பானாலாபானில் இரவைக் கழித்துவிட்டு, அதிகாலை இரண்டு மணி வாக்கில் உச்சியை நோக்கிப் புறப்படுகிறார்கள். நாளின் மிகக் குளிர்ந்த நேரங்களில் அதுவும் ஒன்று.

இதோடு காற்றின் வேகத்தையும் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 0 டிகிரியாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரி போலப் படும். தோலை ஒட்டி இருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை வீசும் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதே காரணம்.

ஆக, கேமரன் மலைக்கும் கினபாலுவுக்கும் ‘குளிர்ச்சட்டை ஒன்று’ என்று ஒரே மாதிரி எழுதுவது சரியில்லை. கேமரன் மலைக்குப் போகிறவர் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஒரு ஃபிளீஸ் சட்டையும் மழைச்சட்டையும் அங்கே போதும். ‘வாங்காதே’ என்று சொல்வதற்கும் அறிவியலில் இடம் உண்டு.

வெப்பத்தைத் தடுப்பது எது?

வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று வெப்பம் இடம்பெயரும் மூன்று வழிகளை வகுப்பில் படித்திருப்பீர்கள். அசையாத காற்று வெப்பத்தை மிக மிக மெதுவாகக் கடத்தும். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.025 வாட் அளவில் இருக்கிறது. தண்ணீருக்கு அது சுமார் 0.6. அதாவது தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்துகிறது.

காற்று இவ்வளவு நல்ல தடுப்பான் என்றால், நம்மைச் சுற்றித்தான் காற்று இருக்கிறதே, பிறகு ஏன் குளிர்கிறது? காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். இந்தச் சலனத்தை நிறுத்த வேண்டுமென்றால், காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைக்க வேண்டும். கம்பளியும் தூவியும் பாலியெஸ்டர் இழையும் செய்வது இந்த அடைக்கும் வேலையைத்தான். இழை என்பது சுவர், காற்றுதான் காவல்காரன்.

இதை 1780களிலும் 1790களிலும் சோதனை செய்து காட்டியவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் பெஞ்சமின் தாம்சன். ஒரு வெப்பமானியைச் சுற்றிக் கம்பளி, பட்டு, பருத்தி, விலங்கு ரோமம், வாத்தின் தூவி என்று ஒவ்வொன்றாக நிரப்பி, அது குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த அறிவைச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஃபின்ச். இவர் ஒரு வேதியியலாளர். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தார். மற்றவர்கள் டுவீட் கோட்டும் கம்பளி உடைகளும் அணிந்து வந்தபோது, இவர் பலூன் செய்யும் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டார். முதலில் கூட இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மலையில் குளிர் ஏறியதும் சிரிப்பு அடங்கியது. அந்தப் பயணத்தில் அவரும் ஜெஃப்ரி புரூசும் சுமார் 8,300 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை அந்த உயரத்தை எந்த மனிதனும் தொட்டதில்லை. இதே ஃபின்ச் பின்னாளில், 1950களில், இந்தியாவின் புனே நகரில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

ஃபின்ச்சின் மேலங்கியில் எந்தச் சின்னமும் இல்லை. தோற்றத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் வேலையைப் பார்த்துத் தைத்தவருக்கும் நடுவே இருந்த வேறுபாடு அறிவு ஒன்றுதான். பழைய சட்டை போட்டு வரும் வகுப்புத் தோழனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எவ்வளவு கனமான சட்டை வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு விநாடிக்கு வெளியேறும் வெப்பம் = கடத்துதிறன் × பரப்பளவு × வெப்பநிலை வேறுபாடு ÷ தடிமன்.

இழையும் காற்றும் சேர்ந்த நிரப்பியின் கடத்துதிறனை 0.04 என்று எடுத்துக்கொள்வோம். உடம்பின் மேற்பகுதியும் கைகளும் சேர்ந்து 0.8 சதுர மீட்டர். தோலின் வெப்பநிலை 33 டிகிரி, வெளியே 3 டிகிரி, வேறுபாடு 30.

சட்டையின் தடிமன் 2 சென்டிமீட்டர் என்றால், வெளியேறுவது 48 வாட்.
தடிமன் 1 சென்டிமீட்டர் என்றால், 96 வாட்.
தடிமன் அரை சென்டிமீட்டராக அமுங்கிவிட்டால், 192 வாட்.

இது எளிமையாக்கிய கணக்கு. உள்ளே போட்டிருக்கும் உடைகளையும் தலை, கால்கள் வழியே போகும் வெப்பத்தையும் நான் சேர்க்கவில்லை. ஆனாலும் இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன.

ஒன்று, தடிமன் பாதியானால் இழப்பு இரட்டிப்பாகும். அதனால்தான் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை அழகாக இருந்தாலும் குளிருக்கு உதவாது. அது தன் காற்றைத் தானே நசுக்கிவிடுகிறது. முதுகுப்பையின் வார் அழுத்தும் தோள்பட்டையில் மட்டும் குளிர் தெரிவதற்கும் காரணம் இதுவே.

இரண்டு, 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய சட்டை, ஏறிக்கொண்டே இருப்பவருக்கு மிக அதிகம். உடம்பு பல நூறு வாட் வெப்பத்தை உண்டாக்கும்போது அந்தச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டும். அதே சட்டை, உச்சியில் உட்கார்ந்து சூரிய உதயத்துக்குக் காத்திருப்பவருக்குப் போதாது. அவர் உடம்பில் உண்டாகும் 100 வாட்டில் கிட்டத்தட்ட முழுவதும் மேற்பகுதி வழியாகவே போய்விடுகிறது. ஒரே கனமான சட்டையைவிட, தேவைக்கேற்பப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை என்று மலையேறிகள் சொல்வது இதனால்தான். நடக்கும்போது கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போடுவது தாமதம்.

தூவியா, செயற்கை இழையா?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். வாத்து அல்லது பெருவாத்தின் மார்புப் பகுதியிலிருந்து எடுக்கும் மென்தூவி ஒரு வகை. ‘டவுன்’ என்று சீட்டில் எழுதியிருக்கும். இன்னொன்று, மிக நுண்ணிய பாலியெஸ்டர் இழையால் ஆன செயற்கை நிரப்பி.

தூவியின் பெருமை உண்மையானது. ஒரே எடைக்கு அதிகக் காற்றை அடைப்பதில் அதை மிஞ்சுவது கடினம். சுருட்டினால் ஒரு தண்ணீர்ப் புட்டி அளவுக்குச் சுருங்கும், விரித்தால் மறுபடி பூரிக்கும். நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். உலர்ந்த குளிருக்கு அது மிகச் சிறந்தது. சியோலில் ஜனவரி மாதத்தில் உறைநிலைக்குக் கீழே போகும் குளிர் பெரும்பாலும் உலர்ந்த குளிர்தான். அங்கே போகிறவர் தூவிச் சட்டை வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் நம் மாணவர்களுக்கு முதல் சட்டையாக நான் பரிந்துரைப்பது செயற்கை நிரப்பியைத்தான். காரணம் தண்ணீர். தூவி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் காற்றறைகள் மறையும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். தண்ணீர் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை மேலே பார்த்தோம். பாலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. நனைந்தாலும் ஓரளவு விறைப்பாக நிற்கும், பிழிந்து உதறினால் கொஞ்சமாவது காற்றைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் உலரும். அமெரிக்க இராணுவம் 1980களில் தூவிக்கு மாற்றாக ஒரு செயற்கை நிரப்பியைத் தேடியதற்கும், அதிலிருந்து ‘பிரைமாலாஃப்ட்’ பிறந்ததற்கும் காரணம் இந்த ஈரப் பிரச்சினையே.

நம் மலைகளில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்யாவிட்டாலும் மூடுபனி நனைக்கும். அதுவும் இல்லாவிட்டால் நம் வியர்வை உள்ளிருந்து நனைக்கும். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சிக்கல் தீராது. ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில், சரியாக உலராத தூவிச் சட்டையை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் அடிக்கும்.

“செயற்கை நிரப்பி நாளாக ஆக அமுங்கிப் போய்விடுமே?” என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். அடிக்கடி நசுக்கிச் சுருட்டினால் அது தன் பூரிப்பைத் தூவியைவிட விரைவில் இழக்கும். ஆண்டு முழுவதும் அதைப் போடும் நாட்டில் வாழ்ந்தால் இது பெரிய குறை. நாமோ ஆண்டுக்கு ஒரு வாரம் போடுகிறோம். வாங்கிய பிள்ளை வளர்ந்து, சட்டை தம்பிக்கோ தங்கைக்கோ போகும் வரை அது தாங்கும்.

பருத்தி ஹூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பறைக் குளிர்சாதனத்துக்கு அது போதும். மலைக்கு ஆகாது. பருத்தி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், மெதுவாகத்தான் உலரும். ஈரப் பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்பின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரம். விடாத நடுக்கம், குழறும் பேச்சு, ஜிப்பைக்கூட இழுக்க முடியாத விரல்கள் எல்லாம் அதன் அறிகுறிகள். அதற்கு உறைபனி தேவையில்லை. மழையும் காற்றும் நனைந்த பருத்தியும் சேர்ந்தாலே போதும்.

சீட்டில் உள்ள எண்களைப் படியுங்கள்

தூவிச் சட்டையில் 600, 700, 800 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அது. 800 என்றால், சுமார் 28 கிராம் தூவி ஏறத்தாழ 13 லிட்டர் இடத்தைப் பிடிக்கிறது என்று பொருள். இந்த எண் தூவியின் தரத்தைச் சொல்கிறது. சட்டைக்குள் எவ்வளவு தூவி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 800 எண்ணுள்ள தூவி 50 கிராம் இருக்கும் சட்டையில் சுமார் 23 லிட்டர் பூரிப்பு. 600 எண்ணுள்ள தூவி 100 கிராம் இருக்கும் சட்டையில் சுமார் 35 லிட்டர். எண் குறைந்த இரண்டாவது சட்டைதான் அதிகக் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. எடை 50 கிராம் கூடும், அவ்வளவுதான். 50 கிராம் எடையைக் குறைக்க எவ்வளவு பணம் கொடுக்கத் தயார் என்பதை வாங்குகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பல நாள் மலைப் பயணம் போகிறவருக்கு அது நியாயமான செலவு. சுற்றுலாப் பேருந்தில் போகிற மாணவருக்கு அப்படியில்லை.

செயற்கை நிரப்பிக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள். 60 கிராம் என்றால் மெல்லியது, 100 கிராமுக்கு மேல் என்றால் கனமானது. சில சட்டைகளில் உடம்புப் பகுதிக்கு ஓர் எண்ணும் கைகளுக்குக் குறைந்த எண்ணும் இருக்கும். அது ஏமாற்று இல்லை, கை அசைவுக்காகச் செய்வது.

உடைகளின் வெப்பத் தடையை அளக்கத் தனி அலகே உண்டு. 1941-இல் காகி, பர்ட்டன், பாஸெட் என்ற மூன்று அறிவியலாளர்கள் ‘குளோ’ என்னும் அலகை முன்வைத்தார்கள். 21 டிகிரி அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் குளிரும் இல்லாமல் வெக்கையும் இல்லாமல் இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ, அது 1 குளோ. இப்படி ஓர் அலகு கையில் இருந்தும், நம் கடைகளில் தொங்கும் சட்டைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பிஸ்கட் பொட்டலத்தில் கலோரி எழுதுவதுபோல் குளிர்ச்சட்டையிலும் குளோ அளவை எழுத வேண்டும் என்பது என் எண்ணம். எழுதினால், சின்னத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் தானே குறையும்.

கடையில் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

எண் இல்லாத சட்டையையும் கைகளாலேயே சோதிக்கலாம்.

முதலாவது, கசக்கிப் பாருங்கள். சட்டையின் ஒரு பகுதியைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். உடனே பூரித்து எழுந்தால் காற்றறைகள் நல்ல நிலையில் உள்ளன. கசங்கியபடியே கிடந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

இரண்டாவது, ஊதிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெளித்துணியின் மறுபக்கம் கையை வைத்து, துணிக்கு அருகில் வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு கையில் படுகிறது என்றால் மலைக்காற்றும் உள்ளே வரும். அப்படிப்பட்ட சட்டைக்கு மேலே காற்றுத் தடுக்கும் மழைச்சட்டை கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, விளக்குக்கு எதிரே பிடியுங்கள். நிரப்பி ஓரிடத்தில் குவிந்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். தையல் கோடுகளில் துணி ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே காற்று இல்லை. கோடுகள் மிக நெருக்கமாக இருந்தால் குளிர் நுழையும் வாசல்களும் அதிகம்.

நான்காவது, வாசல்களைப் பாருங்கள். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய மூன்றும் மூடிக்கொள்ள வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டைத் துணி இருப்பது நல்லது. தலைமூடி இருந்தால் தனியாகத் தொப்பி வாங்கும் செலவு குறையும்.

ஐந்தாவது, உள்ளே ஒரு ஃபிளீஸ் சட்டையோடு போட்டுப் பாருங்கள். கையை மேலே தூக்கினால் இடுப்பு தெரியக்கூடாது, தோள் இறுகக்கூடாது. நம் ஊர் வெக்கையில் டீ-சட்டையோடு போட்டுப் பார்த்து வாங்குவதால்தான் பலருக்கு மலையில் சட்டை சிறிதாகிப் போகிறது.

150 ரிங்கிட்டில் என்ன செய்வது?

ஒரு குடும்பம் இதற்காக 150 ரிங்கிட் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை முழுவதையும் ஒரே சட்டையில் போடாதீர்கள் என்பேன்.

முதலில் வீட்டையும் உறவினர் வீடுகளையும் கேளுங்கள். போன வருடம் ஜப்பான் போய்வந்த அத்தை வீட்டில் ஒரு சட்டை பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்து, பண்டல் கடைகளுக்குப் போங்கள். குளிர் நாடுகளில் பயன்படுத்திய உடைகள் அங்கே வந்து குவிகின்றன. நம் ஊரில் குளிர்ச்சட்டை தேடுவோர் குறைவு என்பதால், நல்ல சட்டைகள் மலிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. மேலே சொன்ன ஐந்து சோதனைகளும் அங்கேதான் மிகவும் உதவும். பூஞ்சை வாடை அடிக்கும் சட்டையை மட்டும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மிச்சமாகும் பணத்தை மழைச்சட்டைக்குச் செலவிடுங்கள். மெல்லியதாகவும் காற்றும் நீரும் புகாததாகவும் இருந்தால் போதும். என் கணக்கில், மலிவான செயற்கைச் சட்டையும் நல்ல மழைச்சட்டையும் சேர்ந்த கூட்டணி, மழைச்சட்டை இல்லாத விலையுயர்ந்த தூவிச் சட்டையைக் கினபாலுவில் தோற்கடிக்கும். ஒரு காதுவரை மூடும் தொப்பியும் கையுறையும் வாங்கக் காசு மிஞ்சினால் இன்னும் நல்லது.

வாங்கிய பிறகு பராமரிப்பும் முக்கியம். சுருட்டிப் பையில் திணித்தபடியே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஹேங்கரில் தொங்கவிடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம். உலர்த்த வெயில் இல்லாத நாளில் சுயசேவை டோபிக் கடையில், சட்டையின் சீட்டில் அனுமதி இருந்தால், குறைந்த சூட்டில் சுழலவிடலாம்.

நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்

நான் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பள்ளி அறிவியல் கழகத்தில் இதை ஒரு சோதனையாகச் செய்யுங்கள். ஒரே அளவுள்ள மூன்று உலோகப் புட்டிகளில் 50 டிகிரி வெந்நீரைச் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றைப் பருத்தி ஹூடியிலும், ஒன்றைச் செயற்கைச் சட்டையிலும், ஒன்றைத் தூவிச் சட்டையிலும் சுற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, ஒரு மணி நேரத்துக்கு வரைபடம் போடுங்கள். பிறகு மின்விசிறியை எதிரே வைத்து மறுபடி செய்யுங்கள். கடைசியாக, மூன்று துணிகளிலும் ஒரே அளவு தண்ணீரைத் தெளித்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சட்டை எந்தச் சூழலுக்கு ஏற்றது என்பதை எந்த விளம்பரத்தையும்விட அவை தெளிவாகச் சொல்லும். விலைச்சீட்டையும் ஓரமாக ஒட்டிவைத்தால், ஒரு ரிங்கிட்டுக்கு எவ்வளவு வெப்பம் காக்கப்படுகிறது என்றுகூடக் கணக்கிடலாம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, பயணங்களை ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பட்டியலில் ‘குளிர்ச்சட்டை ஒன்று’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, போகும் இடத்தின் இரவு வெப்பநிலை, காற்று, மழை வாய்ப்பு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மாணவர்கள் தாங்களே கணக்குப் போட்டு முடிவெடுப்பார்கள். அதுவே ஒரு பாடம்.

கூடவே, ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். பயணம் முடிந்து வருகிறவர்கள் தங்களுக்கு இனித் தேவைப்படாத குளிர்ச்சட்டைகளை அங்கே கொடுக்கட்டும். அடுத்த ஆண்டு போகிறவர்கள் நூலகப் புத்தகம்போல இரவல் எடுக்கட்டும். பத்துச் சட்டைகள் சேர்ந்தால்கூடப் போதும், சட்டை வாங்க வழியில்லாமல் பயணத்தில் பெயர் கொடுக்காமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் சிலராவது துணிந்து கை தூக்குவார்கள்.

இரவல் சட்டை போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதற்குள் இருக்கும் காற்று யாருடைய பெயரிலும் பதிவு செய்யப்பட்டதில்லை. அதை அசையாமல் பிடித்து வைக்கிறதா, நனையாமல் காக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிடித்தால், அதுவே நல்ல சட்டை.